ஆறாத கிழங்கு

மலைக்கு ஏறும் சாலையின் பதினோராவது கொண்டை ஊசி வளைவில் சரிவோடு சரிவாக ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தக் குடியிருப்புக்கு வேறு பெயர் வைக்க யாருக்கும் தோன்றாமல் போனதால், அங்கே பிறந்தவர்களும் பிழைக்க வந்தவர்களும் வாழ்க்கைப்பட்டு வந்தவர்களும் அதை வளைவு என்றே சொல்லி வந்தார்கள். அந்த வளைவில், பஸ் டிரைவர் குழந்தைவேலு இறந்துபோன மதியம் அவர் மனைவி தெய்வானை வறுத்து வைத்த உருளைக்கிழங்கு, மழை வந்து போன பிறகும், பனி வந்து போன பிறகும், மறுபடியும் மழை வந்த பிறகும் ஆறவில்லை.

குழந்தைவேலு அந்தச் சாலையிலேயே பஸ் ஓட்டித் தலை நரைத்தவர். மூடுபனி இறங்கி சாலையின் வெள்ளைக்கோடுகூட கண்ணுக்குத் தெரியாத நாட்களில் ஒவ்வொரு வளைவுக்கும் நீளமாக ஒரு ஹார்ன் அடித்துக்கொண்டு அவர் ஏறி வருவார், அந்தச் சத்தம் ஒன்பதாம் வளைவில் கேட்டால் பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குச் சட்டை மாட்டுவார்கள், பத்தாம் வளைவில் கேட்டால் சாலைக்கு ஓடுவார்கள். நிறுத்தமே இல்லாத இடத்தில் யார் கை காட்டினாலும் நிறுத்துவார். கண்டக்டர் முணுமுணுத்தால், "மழையில நிக்குது பாருய்யா" என்று மட்டும் சொல்வார். அவருக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே சபலம் எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்த உருளைக்கிழங்கு. ஒருநாள் இறக்கத்தில் நெஞ்சைப் பிசைந்தது. வண்டியை ஓரம் கட்டி, கை பிரேக்கைப் போட்டு, "எல்லாரும் மெதுவா இறங்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் ஸ்டியரிங்கின் மேல் சாய்ந்தார். பிழைத்தார். ஆனால் பஸ் போனது, எண்ணெய்ச்சட்டியும் போனது. இனி பொரித்ததை நினைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவர் நினைக்காமல் இருக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அவித்த காய்களைப் பார்க்கிற பார்வையைத் தெய்வானையால் தாங்க முடியவில்லை. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் சுகந்தி, அம்மா போனில் அழுததைக் கேட்டு, ஒரு ஏர் ஃப்ரையர் வாங்கி அனுப்பினாள். கறுப்பாக, தலையில்லாத கோழி ஒன்று உட்கார்ந்திருப்பதுபோல இருந்த அந்த மெஷினை வளைவே வந்து பார்த்தது. எண்ணெய் இல்லாமல் வெறும் சூடான காற்றிலேயே வறுக்குமாம் என்று கேள்விப்பட்டதும் அதற்குக் காத்துச்சட்டி என்று பெயர் வந்துவிட்டது.

காத்துச்சட்டி எளிதில் வசப்படவில்லை. முதல் தடவை கிழங்கு வெளியே செருப்புத்தோலாகவும் உள்ளே பச்சையாகவும் வந்தது. அடுத்த தடவை சுண்ணாம்புக்கட்டி. அதற்கடுத்த தடவை வெளியே கரி. ஒவ்வொன்றையும் குழந்தைவேலு மென்று விழுங்கி, "பரவால்ல" என்றார், அந்தப் பரவால்லயைக் கேட்கக் கேட்க தெய்வானைக்கு வைராக்கியம் ஏறியது. பக்கத்து வீட்டு ரோஸி, அங்கன்வாடி டீச்சர், தன் போனில் வீடியோ வீடியோவாகத் தேடிக் காட்டினாள். தெய்வானை பாதி அதில் கற்றுக்கொண்டாள், பாதியைக் கை கற்றுக்கொண்டது: அன்று தோண்டிய புதுக்கிழங்கு தண்ணீர் விடும், கொஞ்ச நாள் இருட்டில் கிடந்த பழைய கிழங்குதான் வேண்டும்; தோல் சீவிப் பெரிய துண்டாக நறுக்கிக் குளிர்ந்த தண்ணீரில் ஊறப்போட்டு, மாவுத்தண்ணீர் தெளிகிறவரை அலச வேண்டும்; உப்புப் போட்டு, ஓரம் மட்டும் இளகுகிற பதத்துக்கு வேகவைத்து வடிக்க வேண்டும்; பிறகு மூடி போட்டு ஒரு குலுக்குக் குலுக்கினால் துண்டுகளின் மேலெல்லாம் பிசிறு பிசிறாக எழும்பும், அந்தப் பிசிறுதான் மொறுமொறுப்பு; ஆவி அடங்கி மேல் காய்ந்ததும் ஒரே ஒரு ஸ்பூன் எண்ணெய், மிளகாய்த்தூள், தட்டிய பூண்டு, மிளகு; கூடையில் ஒன்றோடொன்று இடிக்காமல் பரப்பி, நடுவில் ஒருமுறை எடுத்துக் குலுக்கிவிட்டு மறுபடி உள்ளே தள்ள வேண்டும். அவசரப்படவே கூடாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடையை இழுத்துப் பார்த்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பொன்னிறத்தில், தொட்டால் நொறுங்குகிற ஓடும், விண்டால் பஞ்சாக ஆவி விடுகிற உள்ளுமாக, கடைசியில் அது வந்திருந்தது. வாசனை பிடித்துக்கொண்டு குழந்தைவேலு சமையலறை வாசலுக்கே வந்து நின்றார்.

"இன்னைக்கு வந்துருச்சு போலிருக்கே தெய்வானை."

"வந்துருச்சுங்க. வாயத் தொறங்க, ஒண்ணு போடுறேன்."

"கொதிக்குதுடி. ஆறட்டும், சாப்பிடுறேன்" என்று சிரித்துக்கொண்டே போய் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் கிழங்கை ஒரு தட்டில் கொட்டி, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து, சோற்றை வடித்துவிட்டு வந்து கூப்பிட்டபோது அவர் ஜன்னல் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி கூப்பிட்டாள். தோளைத் தொட்டாள்.

அதன்பிறகு சுகந்தி வந்தாள், சொந்தங்கள் வந்தார்கள், அவரோடு வேலை பார்த்த டிரைவர்களும் கண்டக்டர்களும் காக்கிச் சட்டையோடே வந்தார்கள், கொண்டுபோனார்கள், எரித்தார்கள், திரும்பினார்கள். அந்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து சாப்பாடு வந்தது. எல்லாம் ஒருவாறு ஓய்ந்த பிறகு ரோஸி சமையலறையைக் கழுவிவிட வந்தாள். மூடியிருந்த தட்டைக் கண்டு, கெட்டுப்போயிருக்கும், தெய்வானை பார்ப்பதற்குள் கொட்டிவிடலாம் என்று தூக்கினாள். குபீரென்று ஆவி அடித்தது. தொட்ட விரல் சுட்டுவிட்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்து, "அக்கா, கிழங்கு யாரு சுட வச்சது?" என்று கேட்டாள். யாரும் சுட வைக்கவில்லை.

தெய்வானை எழுந்து வந்து பார்த்தாள். அப்போதுதான் கூடையிலிருந்து கொட்டியதுபோல அது ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அவள் ஆச்சரியப்படவில்லை. "அவரு ஆறட்டும்னாரு. இன்னும் ஆறல. அதான் வரல" என்று சொல்லிவிட்டுத் தட்டை மறுபடி மூடினாள்.

காரியத்தன்று அந்தக் கிழங்கில் ஒரு துண்டைப் படையலில் வைத்தார்கள். காக்கை வந்தது, சோற்றைத் தின்றது, வடையைத் தின்றது, கிழங்கைக் கொத்தியதும் கா என்று கத்திக்கொண்டு பறந்தது, அலகு வெந்த அந்தக் காக்கை அதற்குப் பிறகு வளைவுப் பக்கமே வரவில்லை. பூசாரி, இது அவர் ஆத்மா என்றார். ரோஸி போகும் சர்ச்சின் பாதிரியார், இது பொறுமையாகப் பார்க்க வேண்டிய விஷயம் என்றார். பஞ்சாயத்து ஆபீஸிலிருந்து ஒருவர் தெர்மாமீட்டரோடு வந்தார். அவருக்கு அன்று குளிர் காய்ச்சல், ஒரு துண்டைக் கைக்குட்டையில் சுற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, எழுதுவதற்கு ஒன்றுமில்லை என்று போய்விட்டார். ஒரு பையன் வீடியோ எடுத்துப் போட்டான். பார்த்தவர்களுக்கு அது ஒரு தட்டு உருளைக்கிழங்காகத் தெரிந்தது, அவ்வளவுதான், சூடு போனில் போகாது. அதனால் வெளியூரிலிருந்து யாரும் வரவில்லை, அந்தக் கிழங்கு வளைவுக்கே உரியதாக நின்றுவிட்டது.

பிறகு பனிக்காலம் வந்தது. புல்லெல்லாம் உப்பு தூவியதுபோல வெளுத்துக் கிடந்த ஒரு காலையில் ரோஸி தயங்கித் தயங்கி வந்து நின்றாள். "அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. இட்லிமாவு புளிக்கவே மாட்டேங்குது. ஒரு துண்டு குடுத்தீங்கன்னா மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்துல வச்சிட்டுக் காலையில தந்துடுறேன்."

தெய்வானை உள்ளே போய்த் தட்டைத் திறந்தாள். பிறகு ஒரு துண்டை எடுத்து இலையில் சுற்றிக் கொடுத்தாள். "அவரு இருந்தா குடுக்காம இருப்பாரா" என்றாள்.

மாவு பொங்கிப் பாத்திரத்தை விட்டு வழிந்தது. அன்றிலிருந்து கறிவேப்பிலையும் உறைமோரும் கேட்பதுபோல வளைவில் கிழங்கு கேட்கத் தொடங்கினார்கள். பல்வலிக்காரர்கள் கன்னத்தில் வைத்துக்கொண்டார்கள், பள்ளி வேனுக்கு நிற்கும் பிள்ளைகள் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்கள், ஈரச் சாக்ஸுக்குள் திணித்துக் காயவைத்தார்கள், தாய்க்கோழி செத்துப்போன கூட்டில் முட்டைகளுக்கு நடுவே வைத்துக் குஞ்சு பொரிக்க விட்டார்கள், பிரசவித்தவளின் இடுப்புக்குக் கட்டினார்கள். டீக்கடை பீரான் பால் பாத்திரத்துக்கு அடியில் ஒரு துண்டை வைத்தார், ஆடை கட்டாமல் கிடந்தது பால். யாரும் அதைத் தின்னவில்லை. தின்னக் கூடாது என்று யாரும் சொல்லவில்லைதான், ஆனாலும் அது ஒருத்தருக்கு எடுத்து வைத்த சாப்பாடு என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

கேட்டு வருகிறவர்கள் சும்மா வாங்கிப் போவதில்லை என்பதும் தானாகவே வழக்கமானது. வாசலில் நின்று அவரைப் பற்றி ஏதாவது ஒன்று சொல்லிவிட்டுத்தான் கை நீட்டுவார்கள். தலைப்பிரசவத்துக்குப் போன அன்று பஸ்ஸை ஆஸ்பத்திரி வாசலுக்கே திருப்பினாரே என்பாள் ஒருத்தி. பீரான் வந்தால், "அண்ணன் டீக்குச் சர்க்கரை போதாதுன்னு தெனமும் சொல்லுவாரு அக்கா, தெனமும் போடாமத்தான் குடுப்பேன், டாக்டர் சொன்னதுக்கு முந்தியே" என்பார். தெய்வானை கேட்டுக்கொண்டே துண்டை எடுத்துச் சுற்றுவாள். இப்படிக் கொடுத்துக் கொடுத்துக் கடைசியில் தட்டில் ஒரு துண்டு மட்டும் மிஞ்சியது. அதை அவள் யாருக்கும் தரவில்லை. தினமும் அவர் சாப்பிடும் நேரத்துக்குத் தட்டைத் திறந்து அந்தத் துண்டின் மேல் உள்ளங்கையைக் காட்டிப் பார்ப்பாள், சுடும், மூடி வைப்பாள், பிறகுதான் தான் சாப்பிட உட்காருவாள்.

சுகந்தி போனில், "அம்மா, என்கூட வந்துடு. நாளாக ஆக மனசு ஆறிடும்" என்பாள். துக்கம் விசாரிக்க வந்த எல்லாரும் அதையேதான் சொல்லியிருந்தார்கள், ஆறிடும், ஆறிடும், காலம்தான் மருந்து, ஆறிடும். "எதுக்கு ஆறணும்?" என்று தெய்வானை கேட்பாள்.

முதலில் ஆறியது பீரானின் துண்டு.

ஒரு காலையில் பாலில் ஆடை கட்டியிருந்தது. கையை விட்டு எடுத்துப் பார்த்தார், கூழாங்கல்லைப் போல ஜில்லென்று இருந்தது. ஏனென்று புரியாமல் முந்தின நாளையும் அதற்கு முந்தின நாளையும் யோசித்துப் பார்த்தார். புதிதாக வந்திருக்கும் டிரைவர் நல்ல பேச்சுக்காரர், அவரோடு அரட்டையடித்துச் சிரித்துக்கொண்டிருந்ததில், பழைய டிரைவர் அண்ணனை எத்தனை நாளாகத் தான் நினைக்கவே இல்லை என்பது அவருக்கு உறைத்தது. திருடி மாட்டிக்கொண்டவர்போல் இப்படியும் அப்படியும் பார்த்தார். துண்டைக் கொண்டுபோய்க் கரியடுப்பில் வாட்டி, கொதிக்கக் கொதிக்க டம்ளரில் போட்டு, தெய்வானையிடம் கொண்டு வந்து கொடுத்தார்.

"பாலுக்குப் போதும் அக்கா. வேற யாருக்காவது குடுங்க."

தெய்வானை தொட்டுப் பார்த்தாள். "நல்லாக் கொதிக்குதே பீரான்" என்றாள். பீரானால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக ஆறின. கோழிக்கூட்டில் இருந்தது ஆறியது, சாக்ஸுக்குள் இருந்தது ஆறியது. கல்யாணம் வந்த வீட்டில் ஆறியது, புதிதாகக் கடன் வந்த வீட்டில் ஆறியது, வேறொரு சாவு விழுந்த வீட்டில் ஒரே நாளில் ஆறியது. யாரும் வேண்டுமென்று மறக்கவில்லை. அவரவர் பாட்டைப் பார்த்தார்கள், அதற்குள் ஆறிவிட்டது. யாரும் யாரிடமும் சொல்லவும் இல்லை. தோசைக்கல்லில் போட்டும், சுடுதண்ணீரில் முக்கியும், தணலில் புதைத்தும் சூடாக்கி, ஓடோடி வந்து, ஆறுவதற்குள் தெய்வானையின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவள் அதை வாங்கிய கையோடு இலையில் சுற்றி வைத்து, அடுத்து வருகிறவருக்குக் கொடுத்தாள், அவரும் அதைச் சூடாக இருப்பதுபோலவே வாங்கிப்போய், சூடாக்கித் திருப்பிக் கொண்டு வந்தார். ஒருவர் வீட்டு அடுப்பை இன்னொருவர் கண்டுகொள்ளாமல் வளைவு முழுவதும் இதையே செய்துகொண்டிருந்தது. மறுபடி மறுபடி சுட்டதில் துண்டுகள் சுருங்கி, விறைத்து, கறுத்துப்போயின.

"என்ன ரோஸி, எல்லாம் இப்படிக் கருகிப் போகுது?"

"கெழங்குதானக்கா. கருக்கத்தான் செய்யும்."

அந்த ஆவணியில் மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணத்துக்கு ரோஸி அவளை வற்புறுத்திக் கூட்டிப்போனாள். பச்சைக் கரை போட்ட சேலை உடுத்தித் தெய்வானை அவர் போன பிறகு முதல் தடவையாக மலையை விட்டு இறங்கினாள். பந்தியில் போட்டோக்காரர் பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து போய் ரசவாளிக்குள் உட்கார்ந்துவிட்டார், அப்படி உட்கார்ந்த நிலையிலும் "சிரிங்க, சிரிங்க" என்றார், தெய்வானை சிரித்தாள். இலையில் கையை ஊன்றிக்கொண்டு, மூச்சு முட்டி, கண்ணில் தண்ணீர் வர, நிறுத்த முடியாமல் சிரித்தாள். ஏறுகிற பஸ்ஸிலும் நினைத்து நினைத்துச் சிரித்துவிட்டு ரோஸியின் தோளில் தூங்கிப்போனாள். வீட்டுக்கு வந்து தட்டைத் திறந்து உள்ளங்கையைக் காட்டினாள்.

ஒன்றுமில்லை.

தொட்டாள். எடுத்தாள். இரண்டு கைக்குள்ளும் பொத்தி வைத்து ஊதினாள். கன்னத்தில் வைத்துக்கொண்டாள், கன்னம்தான் குளிர்ந்தது. பச்சைக் கரைச் சேலையோடு தரையில் உட்கார்ந்து, "நான் சும்மா சிரிச்சேங்க, சும்மாத்தான் சிரிச்சேன்" என்று நாற்காலியைப் பார்த்துச் சொன்னாள். பிறகு எழுந்து காத்துச்சட்டியின் கூடையில் அந்த ஒற்றைத் துண்டைப் போட்டு உள்ளே தள்ளிப் பட்டனை அழுத்தினாள். அது இரைந்தது. சூடானதும் எடுத்துத் தட்டில் வைத்து மூடினாள். மறுநாள் யாராவது வருவதற்குள் மறுபடி சூடாக்கினாள். அதற்கு மறுநாளும். ஊருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்பது ஒரு பயம். வாசலில் வந்து அவரைப் பற்றிப் பேசுவது நின்றுவிடுமே என்பது அதைவிடப் பெரிய பயம்.

ஐப்பசி மழையில் அங்கன்வாடிக்கு விடுமுறை விட்ட ஒரு காலையில் ரோஸி வழக்கத்தைவிடச் சீக்கிரமாக, முந்தானைக்குள் தன் துண்டைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். வீட்டில் சமையல் வாசனை எதுவும் இல்லை, காத்துச்சட்டி மட்டும் இரைந்துகொண்டிருந்தது. தெய்வானை அதன் முன்னால் நின்றாள், ஓடிப்போய் மறைக்கவும் தோன்றாமல் அப்படியே நின்றாள். மெஷின் மணியடித்து ஓய்ந்தது. ரோஸி கூடையை இழுத்தாள். உள்ளே கரித்துண்டாகிப்போன ஒரே ஒரு கிழங்கு கிடந்தது.

பிறகு ரோஸி முந்தானையிலிருந்து தன் துண்டை எடுத்து அதன் பக்கத்தில் போட்டாள்.

"என்னுதும்தான்க்கா. இப்பத்தான் தோசைக்கல்லுல போட்டு எடுத்துட்டு வரேன்."

"எப்போ ஆச்சு?"

"போன வைகாசியில. என் பொண்ணு பாஸான அன்னைக்கு."

"பீரானுது?"

"அவருதுதான் மொதல்ல."

"மத்தவங்களுது?"

ரோஸி தலையைக் குனிந்துகொண்டாள். "எல்லாருதும் ஆறிடுச்சுக்கா. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான்... உங்களுது எப்போ?"

"நாம கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தோமே, அன்னைக்கு."

சொல்லிவிட்டுத் தெய்வானை ஜன்னல் பக்கம் திரும்பினாள். "அப்போ நான்தான் கடைசியா?"

"நீங்கதான்க்கா கடைசி" என்றாள் ரோஸி, அவளைக் கட்டிக்கொண்டு. "நீங்கதான் கடைசி."

சேதி வளைவு முழுக்கப் போனது. மத்தியானத்துக்குள் ஒவ்வொருவராக வந்தார்கள், சாவு வீட்டுக்கு வருவதுபோல, வாசலில் குடையை மடக்கி வைத்து, செருப்பை விட்டு, பேசாமல் வந்து உட்கார்ந்தார்கள். இந்த முறை யாரும் எதையும் சூடாக்கிக் கொண்டுவரவில்லை. குளிர்ந்து விறைத்த துண்டுகளைத் தெய்வானையின் தட்டில் ஒவ்வொன்றாக வைத்தார்கள். பீரான் வைத்துவிட்டு, "மன்னிச்சிடுங்க அக்கா" என்றார். அவள் அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். யாரும் அழவில்லை. அழுகை வந்திருந்தால்கூடத் தேவலாம்போல இருந்தது, அது எல்லாருக்கும் என்றைக்கோ முடிந்துபோயிருந்தது, அந்த வெறுமைக்குத்தான் அவர்கள் தலை குனிந்து உட்கார்ந்து துக்கம் காத்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் தெய்வானைதான் எழுந்தாள். தட்டை எடுத்துப்போய்ப் பின்கட்டில் ரோஜாச்செடிக்கு அடியில் குழி தோண்டித் துண்டுகளைப் புதைத்தாள், ரோஸி மண்ணைத் தள்ளினாள். கையைக் கழுவிக்கொண்டு சமையலறைக்கு வந்து, ரோஸி தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த சாக்கிலிருந்து கிழங்குகளை எடுத்துத் தோல் சீவத் தொடங்கினாள். அவர் போனதிலிருந்து அந்த வீட்டில் யாரும் உருளைக்கிழங்கு நறுக்கியதில்லை. ஊறப்போட்டாள், அலசினாள், ஓரம் இளகும்வரை வேகவைத்து வடித்தாள், மூடி போட்டுக் குலுக்கினாள். பூண்டு தட்டும் சத்தம் கூடத்துக்குக் கேட்டது. காத்துச்சட்டி சின்னது, வந்திருந்தவர்களோ நிறையப் பேர், அதனால் கூடை கூடையாக வறுத்து வறுத்துக் கொட்டினாள், ஒவ்வொரு முறையும் நடுவில் இழுத்துக் குலுக்கினாள், அவசரப்படவில்லை. வந்தவர்கள் முதலில் தயங்கினார்கள். பிறகு ஒருவர் எடுத்தார். வாயில் போட்டதும் நொறுங்குகிற சத்தம் கேட்டது, உஸ் உஸ்ஸென்று ஊதிக்கொண்டே மென்றார்கள், பிள்ளைகள் இன்னும் இன்னும் என்று கை நீட்டினார்கள். யாரோ, இதைச் சாப்பிடாமலே போய்விட்டாரே மனுஷன் என்றார்கள். ஆமாம் என்றார்கள் எல்லாரும்.

மழை விட்டதும் கலைந்து போனார்கள். தெய்வானை கடைசிக் கூடையில் மிஞ்சியதைத் தட்டில் போட்டுக்கொண்டு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். வெளியே மொறுமொறுவென்றும் உள்ளே வெண்ணெயாகவும் இருந்தது, உப்பும் உறைப்பும் சரியாக இருந்தன, அவளுக்குப் பசியும் இருந்தது. இன்னொன்றை எடுத்தாள். நன்றாகத்தான் இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.